சமையலறையில் கேட்ட வசனம்

“இனிமே ஒரே வீட்டுல இருக்க முடியாது. நான் முடிவு பண்ணிட்டேன்.”

அண்ணி இதை உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள். சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த நான் மிதியிலிருந்து காலை எடுத்தேன். கொஞ்ச நேரம் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதே வார்த்தைகள், இந்தத் தடவை கோபமாக. அப்புறம் சிரித்துக்கொண்டே. அப்புறம் கெஞ்சுகிற மாதிரி.

இதில் பதற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவள் நடிகை, வசனம் பாடம் பண்ணுவது அவள் தொழில். அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படித்தால் ஒரு வரிகூட அவள் மண்டையில் ஏறாது. கை ஈரமாக இருக்க வேண்டும், எதிரே அடுப்பு எரிய வேண்டும். பாத்திரங்களுக்கு வேஷம் பிரித்துக் கொடுத்துவிடுவாள். புருஷன் வேஷம் எப்போதும் குக்கருக்குத்தான். விசில் வந்தால், “சரி சரி, கத்தாதீங்க” என்று அதையும் வசனத்தில் சேர்த்துக்கொள்வாள். பிள்ளை வேஷம் கரண்டிக்கு. ஒருநாள் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது ஃபிரிட்ஜுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன அண்ணி என்றால், “இந்த நாடகத்துல இவர் ஜட்ஜ்” என்று ஃபிரிட்ஜைக் காட்டினாள்.

ஆனால் இப்போது அவள் நடித்துக்கொண்டிருந்த நாடகத்துக்கு உடை தைத்தவள் நான். யார் எப்போது வருகிறார்கள், எதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், என்ன பேசிவிட்டுப் போகிறார்கள் என்று தெரியாமல் உடை தைக்க முடியாது. அளவு எடுக்கும் சாக்கில் ஒத்திகைக்குப் போய் முழு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். ஓடிப்போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. அதில் யாரும் யாரிடமும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று சொல்லவில்லை. டைரக்டரிடமும் கேட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க ‘அமைதி, அமைதி’ என்று கத்துவதால் அவருக்குக் குழுவில் ‘அமைதி’ என்றே பெயர்.

“புதுசா ஏதாவது வசனம் சேத்திருக்கீங்களா சார்?”

“இருக்கறதையே ஒருத்தனும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறான். இதுல புதுசு வேறயா?” என்றார்.

நாடகத்தில் இல்லாத வசனத்தை ஒரு நடிகை ஏன் நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாள்? நிஜத்தில் யாரிடமோ சொல்லப் போகிறாள். வீட்டில் என் அண்ணனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல? வேண்டாம், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் ஏன் இப்படி மூக்கை நுழைக்கிறாள் என்று தோன்றும். எனக்கும் ஒரு புருஷன் இருந்தான். இரவு வேலை என்று சொல்லிவிட்டுப் போவான். நானும் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். இரவு வேலை இல்லை, இன்னொரு வீடு என்று தெரிய வருஷங்கள் ஆயின. வீடு இருந்ததைவிட எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அந்த வீட்டில் இருந்தவளும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று அவன் ஒருநாள் சொன்னதுகூட அவள் சொல்லித்தானாம். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அண்ணன் எனக்கு நேர் எதிர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். கயிறும் சக்கரமும் சரியாக இருந்தால் உலகமே சரியாக இருப்பதாக நினைப்பான். அவன் அண்ணியைக் காதலித்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். லிஃப்டில் ‘கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்’ என்று ஒரு பெண்குரல் வருமே, அது அண்ணி பதிவு செய்து கொடுத்தது. நாடகத்தில் வரும்படி போதாமல் அப்படிச் சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தாள். இவன் ஊரில் உள்ள கட்டடங்களிலெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, ரிப்பேர் முடிந்த பிறகும் லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான். கம்பெனியில் விசாரித்து, நாடகம் நடந்த இடத்துக்குப் போய், “நீங்கதானே கதவு மூடறவங்க?” என்று கேட்டானாம். இந்த லட்சணத்தில் ஆரம்பித்த கல்யாணம்.

அந்தக் கட்டைக்குரல்தான் அண்ணியின் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் எல்லாம். முதலில் அரங்கத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் அம்மா வேஷக்காரிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, தினமும் பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடம், குரலும் அம்மாக் குரல் என்பதால் இவளை மேடையில் ஏற்றினார்கள். அப்போது அவளுக்கு வயது இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அன்று தலையில் அப்பிய வெள்ளை மாவு பிறகு இறங்கவே இல்லை. தன்னைவிட மூத்த நடிகர்களுக்கெல்லாம் அம்மாவாக நடித்தாள். கதாநாயகி வேஷம் ஒன்றுகூட வந்ததில்லை. இதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. குறையே சொல்லாத மனுஷி என்றால் எனக்கு அதுவும் சந்தேகம்தான்.

முறைக்கு அண்ணி என்றாலும் என்னைவிட இளையவள். வாயால் நீங்க, மனதுக்குள் நீ. அவள் ஒத்திகை முடிந்து வந்ததும் கைப்பையைத் தூசி தட்டுகிற சாக்கில் திறந்து பார்ப்பேன். போனில் யாரிடமாவது பேசினால் மிஷினை நிறுத்திவிடுவேன். அவள் சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்று பார்ப்பேன், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பேன். பார்த்ததைச் சாப்பாட்டு மேசையில் அண்ணன் காதில் போட்டுவைப்பேன்.

“ஒத்திகை சீக்கிரமே முடிஞ்சிடுச்சாம். அண்ணி இப்பத்தான் வராங்க.”

“பஸ் கிடைச்சிருக்காது” என்பான் ஆரம்பத்தில். பிறகு “அப்படியா?” என்றான். கடைசியில் வெறும் “ம்” மட்டும் வந்தது. அந்த ‘ம்’ நாளாக நாளாக நீண்டுகொண்டு போனதை நான் கவனித்தேன். சரி, இப்போதாவது கண்ணைத் திறந்தானே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து வெளிநாட்டுப் பயணம் வந்து சேர்ந்தது. மூன்று ஊர்கள், மூன்று அரங்கங்கள், அதே தாய் நாடகம். விசாவுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்த அன்று அண்ணி சமையலறையில் மறுபடியும் அந்த வசனத்தைச் சொன்னாள். ஒரே வீட்டில் இருக்க முடியாதாம், முடிவு பண்ணிவிட்டாளாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போகிற இடத்தில் யாரோ காத்திருக்கிறான். போனவள் திரும்பி வரப்போவதில்லை. அங்கிருந்து போனில் இந்த வசனத்தை அண்ணனிடம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவனோ லிஃப்டில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஆயுசு முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருப்பான்.

குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது என்று தெரிந்ததும் நான் நேரே அமைதியிடம் போனேன். “தைச்சவளே கூட வந்தா உங்களுக்கு நல்லதுதானே” என்றேன். சரி என்றுவிட்டார். அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னபோது முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நீயும் வரியா?” என்றாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. மேடையில் அவள் எதற்கும் தாமதித்ததே இல்லை.

விமானத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் தூங்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவன் அவள் பக்கம் திரும்பியபோதெல்லாம் நான் இருமினேன். இருமலுக்கு மாத்திரை வேண்டுமா என்று பணிப்பெண் வந்து கேட்டாள்.

இறங்கிய ஊரில் பெண்களுக்கு ஒரு மாடி வீடு, ஆண்களுக்கு எதிரே இன்னொன்று. ஹோட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது, சமைத்துக்கொள்ளலாம் என்று அமைதி முடிவு செய்தார். அவர் முடிவு செய்தால் சமைப்பது அண்ணிதான். வெளிநாடு போயும் அவளுக்கு அடுப்படி விடவில்லை. மின்சார அடுப்பு அது. நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். அதைத் திட்டிக்கொண்டே மொத்தக் குழுவுக்கும் சூப்பும் முட்டையும் செய்வாள். சாப்பாட்டு நேரத்துக்கு எதிர்வீட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாசலில் நிற்பார்கள். “அம்மா, பசிக்குது” என்பார்கள் மேடையில் சொல்கிற அதே தொனியில். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஒவ்வொருத்தன் கிண்ணத்தையும் நான் பார்த்தேன். யாருக்காவது ஒரு கரண்டி கூடுதலாக விழுகிறதா? விழவில்லை. அப்படியானால் ஆள் குழுவில் இல்லை, வெளியாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி காணாமல் போக ஆரம்பித்தாள். “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்பாள். பையில் ஒரு ஆப்பிளும் அவித்த முட்டையும். போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவாள். எங்கே போனோம் என்று தெரியக்கூடாது என்பவர்கள் முதலில் செய்வது அதைத்தானே? முதல் நாள் விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் நானும் செருப்பை மாட்டினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் குடை இல்லாமல், கடைக் கண்ணாடிகளைக்கூடப் பார்க்காமல் நடந்தாள். நான் தூண், பஸ் நிறுத்தம், நிறுத்தியிருந்த லாரி என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். ஒரு நாய் என்னைச் சந்தேகப்பட்டுக் குரைத்தது. அவள் போய் நின்ற இடம் நாங்கள் நாடகம் போடும் அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவு. தட்டினாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒருவன் கதவைத் திறந்தான். அரங்கத்தின் காவலாள். வழுக்கை, சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பை. அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். அவள் பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னான். இருவரும் உள்ளே போனார்கள்.

ஆக, ஆள் இவன்தான். என் அண்ணன் அழகில் அப்படி ஒன்றும் குறைந்தவன் இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே நுழைந்தேன். வலது பக்கம் ஒரு சிறு அறை. காவலாள் அங்கே ரேடியோ கேட்டுக்கொண்டு முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடன் அண்ணி இல்லை. இடது பக்கம் இருட்டாகப் போன வழியில் சுவரைத் தடவிக்கொண்டே போனால் அரங்கத்தின் பின்வரிசை வந்தது. கடைசி வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியை மெதுவாக இறக்கி உட்கார்ந்தேன்.

மேடையில் ஒரே ஒரு பல்ப் எரிந்தது. நாடகத்தில் தாய் உட்காரும் மர நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

நான் காத்திருந்தேன். யாராவது வருவான். அவள் செருப்பைக் கழற்றினாள். ஆப்பிளைப் பாவாடையில் துடைத்துக் கடித்தாள். முதுகைச் சொறிந்துகொண்டாள். கொட்டாவி விட்டாள். யாரும் வரவில்லை. அவள் யாரையும் எதிர்பார்த்த மாதிரியும் இல்லை. எனக்கு விளங்காதது அவள் முகம்தான். அந்த முகத்தைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சும்மா இருந்தது.

நான் கால் மாற்றினேன். நாற்காலி கீச்சென்றது.

அவள் திடுக்கிடவில்லை. இருட்டுப் பக்கம் பார்த்தாள். கையை நெற்றியில் வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“இங்கயும் வந்துட்டியா?” என்றாள்.

எழுந்து நின்றேன். பிறகு எதற்கு நான் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. “யாருக்காகக் காத்திருக்கீங்க அண்ணி?”

“யாரும் இல்லாம இருக்கறதுக்காக.”

“அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?”

“வரணும். வேற எங்க போவேன்?” ஆப்பிளைக் கீழே வைத்தாள். “முன்னாடி வா. இருட்டுல நின்னுட்டுப் பேசாத.”

முதல் வரிசைக்குப் போனேன். அவள் மேடையில், நான் கீழே. அவள் விரல்களைக் கோத்தாள், பிரித்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். ஆயிரம் பேருக்கு முன்னால் மூச்சுவிடாமல் பேசுகிறவள் அங்கே திணறுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இனிமே... ஒரே வீட்டுல இருக்க முடியாது. நான், வந்து... முடிவு பண்ணிட்டேன்.”

கோபமாகவும் சிரிப்பாகவும் கெஞ்சலாகவும் அத்தனை அழகாகச் சொல்லிப் பார்த்த வசனத்தைக் கடைசியில் மென்று விழுங்கிவிட்டாள். எந்த நாடகத்திலும் எடுபடாது. அது நடிப்பில்லை என்று அதனாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இத ஏன் என்கிட்ட சொல்றீங்க? அண்ணன்கிட்ட இல்ல சொல்லணும்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவர்கிட்ட எதுக்கு? உன்கிட்டதான் சொல்றேன். நீயும் நானும் ஒரே வீட்டுல இருக்க முடியாதுன்னு சொல்றேன்.”

அந்த அரங்கத்தில் நாற்காலி நாற்காலியாக அந்த வார்த்தை போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கா? இத்தனை நாளாகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு அண்ணனுக்காகப் பயந்தேனே, அது எனக்கு எழுதிய வசனமா?

“நீங்க அண்ணன விட்டுட்டுப் போகப் போறீங்கன்னு...”

“உங்க அண்ணன விட்டுட்டு நான் எங்க போறது?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உலகத்துலயே அவர் ஒருத்தர்தான் என்னை உத்துப் பாக்காதவர். பக்கத்துலயே உட்கார்ந்துட்டு லிஃப்ட் கயித்தப் பத்தி யோசிச்சிட்டிருப்பார். எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?”

“நான் பாக்கறது உங்களுக்கு அவ்வளவு இம்சையா?”

“மேடையில பாக்கறவங்க டிக்கெட் வாங்கிட்டுப் பாக்கறாங்க. ரெண்டு மணி நேரம். முடிஞ்சதும் கை தட்டிட்டு எழுந்து போயிடறாங்க. வீட்டுக்கு வந்தா நீ உட்கார்ந்திருக்க. நான் சிரிச்சா பாக்கற, தும்மினா பாக்கற. நீ எழுந்து போகவே மாட்டேங்கற. நான் எப்பதான் வேஷத்தக் கலைக்கறது?”

வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வலித்தால் எனக்குக் கோபம்தான் வரும். “உங்க பையத் திறந்து பாத்தது தப்புன்னே வெச்சுக்கங்க, அதுக்காக...”

“பையத் திறந்து பாத்தியா?”

அது அவளுக்குத் தெரியாதாம். காவலாளின் ரேடியோவில் யாரோ எங்களுக்குப் புரியாத மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“நான் எங்க போறது அண்ணி?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று உறைத்தது. புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது மிஷினை வைக்க ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் போகிறது.

“அதனாலதான் சொல்ல முடியாம இத்தனை நாள் இழுத்துட்டேன்” என்றாள். “உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என் தங்கச்சியத் துரத்தறியான்னு கேப்பார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.”

அன்று சாயங்காலம் வழக்கம்போல நாடகம். தாய் முதல் காட்சியில் பூப்போட்ட உடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். மகன் இறந்த சேதி வந்ததும் அடுத்த காட்சிக்குக் கறுப்பில் வர வேண்டும். நடுவில் ஒரு பாட்டு முடிகிற நேரம்தான் இருக்கும். மேடை ஓரத்து இருட்டில் நான் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நிற்பேன். அவள் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்குவாள். பூ உடையை உருவி, கறுப்பை மாட்டி, முதுகில் பொத்தான்களைப் போட வேண்டும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தால் வேலை சுலபம், ஆனால் பிரிக்கும்போது சர்ரென்று முதல் வரிசைவரை கேட்கும். அதனால் பெரிய அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தேன்.

அன்றும் ஓடிவந்தாள். கையைத் தூக்கினாள். என் விரல்கள் அவள் முதுகில் பொத்தான் பொத்தானாக இறங்கின. வியர்வையில் நனைந்திருந்தது முதுகு. எத்தனை வருஷமாக இந்த முதுகைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அது களைத்திருக்கும் என்று நினைத்ததில்லை.

“இறுக்குதா?” என்று கேட்டேன். வாயில் டார்ச் இருந்ததால் வெறும் உறுமலாகத்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது.

“இல்ல” என்றாள். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு வெளிச்சத்துக்குள் போனாள்.

அடுத்த இரண்டு ஊர்களிலும் மதியத்தில் அவள் செருப்பை மாட்டும்போது எனக்குக் கால் துறுதுறுத்தது. எழுந்திருக்கவில்லை. கெட்டியாக இருந்த பொத்தான்களைப் பிரித்து மறுபடியும் தைத்தேன். நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. அவள் எந்த அரங்கத்தில் எந்தக் காவலாளுக்கு முட்டை கொடுக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அண்ணி இதைச் சொல்லி அண்ணன் கேட்டால், அந்த வீடு அன்றோடு இரண்டாகிவிடும். தங்கையை வெளியே அனுப்பியவள் என்று அவன் மனதில் விழுந்துவிட்டால் போகாது. போகவேண்டியது நான் என்றால், சொல்லவேண்டியதும் நான்தான்.

திரும்பி வந்த மறுநாளே பஸ் நிலையத்துக்குப் பின்னால் பொத்தான் கடைக்காரரின் மாடி அறையைப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, மிஷின் வைக்க இடம். போதும். சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நான் பொத்தான் கடை மாடிக்குப் போகலாம்னு இருக்கேன். வேலை நிறைய வருது. இங்க துணி வைக்கக்கூட இடம் பத்தல.”

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். நான் எதிர்பார்த்தது, “அப்படியா, சரி, எப்ப வண்டி கொண்டுவரட்டும்?” என்பதைத்தான். அவன் அப்படிப்பட்டவன்தானே.

“அவ ஏதாவது சொன்னாளா?” என்றான்.

சமையலறையில் குழாய் நின்றது.

“சேச்சே. அண்ணியா? அவங்க போகவே வேண்டாம்னாங்க. நான் சொன்னதும் அழுதுட்டாங்க.” என் ஆயுசில் நான் நடித்த முதல் வசனம் அது. நன்றாகவே வந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“அழுதாளா? அவ நடிகை. அவ அழறத நீ நம்பிட்டியா?”

இது அவனுக்கு வருகிற பேச்சு இல்லை. ‘நீங்கதானே கதவு மூடறவங்க’ என்று போய் நின்றவனுக்கு இப்படிப் பேசத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் நான் போட்டுவைத்ததெல்லாம் ஒன்றுகூட வீணாகாமல் அவனுக்குள் கிடந்திருக்கிறது. நான் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். அது போகாமல் இங்கேயே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஈரக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஆமா, நம்பினேன்” என்று கத்தினேன். “என் கண்ணால பாத்தேன். நான் சந்தேகப்படாத ஆள் உண்டா? நானே நம்பினேன்னா அது நிஜம்தானே? அவங்களப் பத்தி இன்னொரு தடவ இப்படிப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

“நீதானே எப்பவும் சொல்லுவ...”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! உனக்கு எங்க போச்சு புத்தி?”

அவனும் குரலை உயர்த்தினான். நானும் விடவில்லை. அவள் எப்படித் தேம்பினாள், எந்தக் கையால் துடைத்துக்கொண்டாள், என்னென்ன சொல்லி என்னைத் தடுத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சண்டை போட்டேன். உண்மையில் அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அவள் அழாத அந்த அழுகையை அண்ணன் நம்பும்வரை நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.